காவிரிச் சரணாலயத்தில் பிள்ளைகளோடு காட்டு நடை: வகுப்பறையிலிருந்து ஆற்றங்கரை வரை ஒரு முழு வழிகாட்டி

ஒகேனக்கல் போகாத தர்மபுரிக்காரர் இருக்க மாட்டார். எண்ணெய் தேய்த்துக் குளியல், பரிசல், மீன் வறுவல், சாயந்திரம் பஸ் ஏறி வீடு. அந்த ஆற்றங்கரையிலேயே நீர்நாய்கள் கூட்டமாக மீன் பிடிப்பதும், மருத மர உச்சியில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டுவதும் நம்மில் பலருக்குத் தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் கதை வேறு. தேன்கனிக்கோட்டை, தளி, சானமாவு வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் காடு என்றாலே யானை, யானை என்றாலே ராத்திரித் தூக்கம் போச்சு. ஒரு பக்கம் காட்டைப் பார்த்ததே இல்லை, இன்னொரு பக்கம் காட்டின் கோபத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி, பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கும், நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைப்பவர்களுக்கும். முழுக்கப் படித்தால் என் கட்சி என்னவென்று புரிந்துவிடும், இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காட்டுக்குள் நடப்பது கடைசி வேலை. முதலில் வகுப்பு, அப்புறம் ஏரிக்கரை, அதற்கப்புறம்தான் காடு. இதைத் தலைகீழாகச் செய்தால் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு, "மிருகமே இல்லையே சார்" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வருவார்கள். தடம் படிக்கத் தெரியாதவர்களுக்குக் காடு காலியாகத்தான் தெரியும்.

எந்தக் காடு, யார் எல்லை

நம் இரண்டு மாவட்டத்திலும் பரவிக் கிடப்பது இரண்டு சரணாலயங்கள். காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது. சுமார் 686 சதுர கிலோமீட்டர். அது தமிழ்நாட்டின் 17-ஆவது வனவிலங்கு சரணாலயம். இரண்டும் கர்நாடகத்துக் காவிரி சரணாலயத்தோடு ஒட்டிக்கொள்வதால் யானைக்கு மாநில எல்லை என்று ஒன்று கிடையாது. தெற்குச் சரணாலயத்தை அறிவித்தபோது இந்தப் பகுதியில் 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் பதிவாகியிருப்பதாக அரசு சொன்னது. நாற்கொம்பு மான், முதலை, நீர்நாய், சாம்பல் மலை அணில், லெய்த் மென்னோட்டு ஆமை ஆகியவை அந்தப் பட்டியலில் முக்கியமானவை.

நிர்வாகம் இரண்டு கை. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வனச்சரகங்கள் ஓசூர் வனக்கோட்டத்தில் வருகின்றன. ஒகேனக்கல், பென்னாகரம், பாலக்கோடு சரகங்கள் தர்மபுரி வனக்கோட்டம். நீங்கள் நடக்க நினைக்கும் இடம் எந்தச் சரகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் கடிதம் கொடுத்தால் அது மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் தேதி போய்விடும்.

எப்போது போவது

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஜூன், ஜூலையில் முதல் மழைக்குப் பிறகு காடு பச்சையாகிவிடும். செடி, பூச்சி, வண்ணத்துப்பூச்சி பார்க்க நல்ல காலம். ஆனால் அப்போது கர்நாடகத்தில் மழை வலுத்தால் காவிரியில் வெள்ளம் வரும், ஒகேனக்கலில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், ஆற்றங்கரைப் பக்கம் விடமாட்டார்கள். எனவே ஆடி மாதத்தில் ஆற்றை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

டிசம்பர், ஜனவரி பறவைக்கு அருமையான மாதங்கள். வலசை வந்த ஆறுமணிக் குருவி, வாலாட்டிகள், உள்ளான்கள் எல்லாம் இருக்கும். காலைப் பனியும் இதமும் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஒரே ஒரு சிக்கல், அந்த நேரத்தில்தான் பன்னார்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், சானமாவு காடுகளில் முகாமிட்டிருக்கும். ராகி முற்றும் பருவம் அது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளில் அந்த மாதங்களில் நடை ஏற்பாடு செய்வதற்கு முந்தின நாள் சரக அலுவலகத்தைக் கேட்டாக வேண்டும். "இன்னைக்கு வேண்டாம்" என்று அவர்கள் சொன்னால் அன்று வேண்டாம்தான். பேரம் பேசாதீர்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை தீக்காலம். இலையுதிர் காடு எலும்பாக நிற்கும், கீழே சருகு மெத்தை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு மலையேற்ற விதிகள் கடுமையாகிவிட்டன. அதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள். அந்த இரண்டு மாதமும் வகுப்புக்கும் ஏரிக்கரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி: இதைத் தாண்டி ஒரு அடியும் வைக்க முடியாது

சரணாலயத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு நுழைவைக் கட்டுப்படுத்துகிறது. 28-ஆவது பிரிவு யாருக்கு அனுமதி தரலாம் என்று சொல்கிறது: வன உயிரினங்களைப் பற்றிப் படிக்க, படமெடுக்க, ஆராய்ச்சி செய்ய, சுற்றுலாவுக்கு, சட்டப்படியான வேலைக்கு. உங்கள் கடிதத்தில் நோக்கம் என்ற இடத்தில் "மாணவர்களுக்கான இயற்கைக் கல்வி" என்று தெளிவாக எழுதுங்கள். "சுற்றிப் பார்க்க" என்று பொதுவாக எழுதினால் கேள்வி வரும்.

கடிதத்தை வனக்கோட்ட அலுவலருக்கு முகவரியிட்டு, சம்பந்தப்பட்ட வனச்சரகருக்கு நகல் கொடுங்கள். மூன்று வாரம் முன்பாகவே கொடுத்துவிடுவது நல்லது. பிள்ளைகள் பெயர், வயது, பொறுப்பாளர் யார், அவர் கைபேசி எண், வண்டி எண், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, எந்தப் பாதை என்ற விவரங்களை ஒரே பக்கத்தில் அட்டவணையாகக் கொடுத்தால் அவர்களுக்கும் வேலை சுலபம். கடிதம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்காராமல் ஒருமுறை நேரில் போய் வனச்சரகரைப் பாருங்கள். அங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: எங்களோடு யார் வருவார்கள்? கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வருவாரென்றால் உங்களுக்கு யோகம். இவர்களில் பலர் காட்டோரக் கிராமத்துக்காரர்கள், இருளர்களும் உண்டு. தமிழோடு கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுவார்கள். புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதியிருப்பதை ஒரு ஒடிந்த கிளையைக் காட்டி ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அன்றைக்கு வகுப்பெடுப்பவர் அவர்தான் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். ஆசிரியர் குறுக்கே பேசக்கூடாது. இது கேட்க எளிது, நம் ஆசிரியர்களுக்குச் செய்வது கஷ்டம்.

பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி 40 மலைப் பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்தது. நம் பக்கத்துக் குத்திராயன் மலையும் அதில் ஒன்று. வழிகாட்டியோடு போகலாம். ஆனால் அது ஏற்றம், கால் வலுவுள்ளவர்களுக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டாம். சமூக வலைத்தளத்தில் "அஞ்செட்டி ரகசிய அருவி, தலைக்கு இவ்வளவு" என்று விளம்பரம் போட்டுக் கூட்டிப்போகிறவர்களிடம் வன அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியவில்லை என்றால் வழக்கு உங்கள் மேலும் வரும்.

முதல் வகுப்பு: தடம்

சரி, அனுமதி கடிதம் நடந்துகொண்டிருக்கும் மூன்று வாரத்தில் வகுப்புகளை முடித்துவிடலாம். முதல் வகுப்பு கால்தடம். இதற்குக் காடு தேவையில்லை. ஊர் ஏரியின் ஈரக் கரை போதும்.

நாயின் தடத்தையும் பூனையின் தடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். நாயின் தடத்தில் விரல் நுனியில் நகக் குறி இருக்கும். பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், எனவே குறி விழாது. பூனையின் உள்ளங்கால் பதிவின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரியும். சிறுத்தையின் தடமும் இதே அமைப்புதான், அளவு மட்டும் பெரிது. வீட்டுத் திண்ணையில் சேற்றுக்காலோடு நடந்த பூனையைக் கவனித்த பிள்ளை, காட்டுப் பாதையில் சிறுத்தைத் தடத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். செந்நாய்த் தடம் ஊர் நாயின் தடத்தோடு குழம்பும், அதைக் காவலரிடம் விட்டுவிடுங்கள். கரடித் தடத்தில் ஐந்து விரலும் நீள நகங்களும் தெரியும். பின்னங்கால் தடம் மனிதக் காலை நினைவுபடுத்தும்.

கையில் எடுத்துப் போக ஏதாவது வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கி, மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்று கெட்டியாகக் கரைத்து, ஏரிக்கரைத் தடத்தைச் சுற்றி அட்டையில் ஒரு வளையம் வைத்து ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் இறுகிவிடும். மயில், ஆடு, கீரி, கொக்கு என்று ஒரு தொகுப்பே சேரும். இந்த வேலையைச் சரணாலயத்துக்குள் செய்ய வேண்டாம். உள்ளே எதையும் கொட்டவும் கூடாது, எதையும் எடுக்கவும் கூடாது.

யானைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்னங்கால் தடத்தின் சுற்றளவை நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். 120 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் எட்டடிக்குச் சற்றே குறைந்த யானை. வகுப்பறைத் தரையில் சாக்பீஸால் அந்த வட்டத்தை வரைந்து, சுவரில் 240 சென்டிமீட்டருக்கு ஒரு கோடும் போட்டு, பிள்ளைகளை அதன் கீழே நிற்க வையுங்கள். யானையைப் பற்றிய அந்த நாளின் சத்தம் முழுக்க அடங்கிவிடும்.

இரண்டாம் வகுப்பு: ஏரிக்கரையில் பறவை

காட்டுப் பறவையைப் பார்ப்பது கடினம். இலைக்குப் பின்னால் ஒரு அசைவு, ஒரு குரல், அவ்வளவுதான் கிடைக்கும். ஏரியில் பறவை திறந்த வெளியில் நின்று காட்சி தரும். எனவே கண்ணைப் பழக்க ஏரி. கிருஷ்ணகிரி அணை, பாரூர் ஏரி, ஓசூர் ராமநாயக்கன் ஏரி, கெலவரப்பள்ளி அணை ஒரு பக்கம். தர்மபுரி நகர் ராமக்காள் ஏரி, தும்பலஅள்ளி அணை, பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, நாகாவதி அணை இன்னொரு பக்கம். பஸ் வசதிப்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கே வன அனுமதி தேவைப்படாது. அணை என்றால் மட்டும் நீர்வளத்துறை ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்க வில்லை 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கினால் பிள்ளைகளின் கையில் படம் ஆடும். பத்துப் பேருக்கு இரண்டு இருந்தால் போதும். எல்லோருக்கும் கொடுத்தால் பறவையை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பெயர் சொல்லிக் கொடுப்பதற்கு முன் நடத்தையைக் கேளுங்கள். அது நீந்துகிறதா, முங்குகிறதா, கரையில் நின்று குத்துகிறதா? முங்கி வேறொரு இடத்தில் எழுந்தால் முக்குளிப்பானோ நீர்க்காகமோ. கழுத்து மட்டும் தண்ணீருக்கு மேலே பாம்பு போல நீண்டால் பாம்புத்தாரா. கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம் என்றால் நாமக்கோழி. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழுந்தால் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. இப்படி ஐந்தாறு பறவை போதும். முப்பது பெயர் ஒரே நாளில் சொன்னால் வீட்டுக்குப் போவதற்குள் அத்தனையும் மறந்திருக்கும்.

எண்ணிக்கைப் பழக்கமும் இங்கேயே வரட்டும். பொங்கல் விடுமுறையில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். ஒரே இடத்தில் கால் மணி நேரம் நின்று பார்த்ததையெல்லாம் எண்ணி, இபேர்ட் தளத்தில் பதிய வேண்டும். வருடா வருடம் அதே கரையில் நின்று எண்ணினால் அந்த ஏரிக்கென்று ஒரு பதிவேடு உருவாகும்.

ஒகேனக்கல் முதலைப் பண்ணை

மூன்றாவதாக ஆறு. வனத்துறையின் முதலை மறுவாழ்வு மையம் ஒகேனக்கலில் இருக்கிறது. தர்மபுரியிலிருந்து 46 கிலோமீட்டர். பெரும்பாலானோர் ஐந்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "அசையவே மாட்டேங்குது" என்று கல்லெறியப் பார்ப்பார்கள். உங்கள் கூட்டம் அங்கே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். வாயைத் திறந்தபடி கிடப்பது கோபத்தால் இல்லை, உடல் சூட்டைச் சமன் செய்ய. இது சதுப்பு நில முதலை, நம் ஆறு ஏரிகளின் முதலை. முட்டை இருக்கும் மணலின் வெப்பநிலையே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். நாட்டில் முதலைகள் அழியும் நிலைக்கு வந்ததால்தான் 1975-இல் இந்திய முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. இதையெல்லாம் சொல்லிவிட்டு ஆற்றைக் காட்டி, "இங்கேயும் இருக்கிறது" என்று சொல்லுங்கள். குளிக்கக்கூடாது என்று பலகை வைத்த இடத்தில் அதற்கப்புறம் ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

ராகிக் கொல்லைக்காரரைக் கூப்பிடுங்கள்

இந்த வகுப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமாகத் தெரிகிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கமோ மாரண்டஅள்ளிப் பக்கமோ காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயி ஒருவரை அழைத்து உட்கார வையுங்கள். யானை இறங்கின ராத்திரி என்ன நடக்கும், பரண் மேல் யார் உட்காருவார்கள், பட்டாசு வெடித்தால் யானை போகுமா, ஒரே ராத்திரியில் எத்தனை மூட்டை ராகி போகும் என்று பிள்ளைகள் கேட்கட்டும். அவர் கோபமாகப் பேசினால் தடுக்காதீர்கள். யானையை நேசிக்கச் சொல்லி நகரத்துப் பிள்ளைக்கு வகுப்பெடுப்பது எளிது. ஆறு மாத உழைப்பு அரை மணி நேரத்தில் மிதிபட்டவர் முன்னால் உட்கார்ந்து கேட்பது வேறு பாடம்.

அதே வகுப்பில் வேலியைப் பற்றியும் பேச வேண்டும். சூரிய மின்வேலி மின்சாரத்தை விட்டு விட்டு நொடிக்கும் குறைவான துடிப்பாகத்தான் அனுப்பும். உதறும், வலிக்கும், கொல்லாது. வீட்டு இணைப்பிலிருந்து கம்பியை நேராக இழுத்துக் கட்டுவது கொலை வேலை, சட்டப்படி குற்றமும்கூட. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட ஒரு வேலியில் மூன்று பெண் யானைகள் இறந்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. நம் மாவட்டத்தில் நடந்தது, பிள்ளைகளில் சிலர் அந்தச் செய்தியைப் படித்தும் இருப்பார்கள். ஆட்கள் போய் மாட்டிக்கொள்வதும் இதே வேலியில்தான்.

என்ன கொண்டு போவது

சுருக்கமாகச் சொல்கிறேன். மங்கின நிறத்தில் முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை. உண்ணி ஏறாமலிருக்க அதைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எஃகு பாட்டிலில். எலுமிச்சைச் சாதம், வேர்க்கடலை உருண்டை போல வாசனை அதிகம் பரவாத சாப்பாடு. சிப்ஸ் பாக்கெட் கண்டிப்பாகக் கூடாது: சத்தம், குப்பை, குரங்கு மூன்றும் சேர்ந்து வரும். வாசனைத் திரவியமும் மல்லிகைச் சரமும் அன்றைக்கு மட்டும் வீட்டில் இருக்கட்டும். குறிப்பேடு, பென்சில், நூல், அளவுநாடா. போன் ஒரு பெரியவரிடம் மட்டும். அஞ்செட்டியைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, அதனால் திரும்பும் நேரத்தை ஊரில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நடை

காலை ஆறரைக்குள் காட்டு முகப்பில் நிற்க வேண்டும். கூட்டம் பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள். காவலர் முன்னால், ஒரு பெரியவர் கடைசியில், நடுவே பிள்ளைகள் ஒற்றை வரிசை. கடைசி ஆளைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது, காவலரைத் தாண்டி யாரும் முந்தக் கூடாது. இரண்டே விதிதான், அதனால் மறக்காது.

கிளம்பியதும் நடக்காதீர்கள். முதல் பத்து நிமிடம் ஒரே இடத்தில் கண்ணை மூடி நிற்கட்டும். எத்தனை விதமான குரல் என்று விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். தவிட்டுக்குருவிகளின் கூச்சல், செம்போத்தின் ஊம் ஊம், மயில், தூரத்தில் மாட்டு மணி. கரிச்சான் வேறு பறவைகளின் குரலைத் திருடிக் கத்தும், அதை நம்பி வல்லூறு என்று எழுதிவிடக்கூடாது. புள்ளிமானின் கூர்மையான அபாயக் குரலோ மந்தியின் இருமல் போன்ற எச்சரிக்கையோ தொடர்ந்து கேட்டால் காவலரின் முகத்தைப் பாருங்கள். சிறுத்தை நகர்ந்துகொண்டிருக்கலாம். அந்தக் குரல் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டாலே கண்ணில் படாத ஒரு விலங்கு போகும் வழியைப் பின்தொடர்ந்துவிடலாம். என் பார்வையில் பிள்ளைகளுக்குக் காட்டில் கிடைக்கும் உச்சம் இதுதான்.

அப்புறம் மெதுவாக நடை. இரண்டு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர் போனால் அதிகம். சாணியைக் கண்டால் நில்லுங்கள். யானைச் சாணியைக் குச்சியால் பிரித்துப் பார்க்கலாம், கையால் தொட வேண்டாம். சாப்பிட்டதில் பாதிக்கும் மேல் செரிக்காமல் வெளியே வருவதால் என்ன தின்றது என்று அப்படியே தெரியும்: மூங்கில் நார், மரப்பட்டை, புளியங்கொட்டை. ராகி உமி இருந்தால் நேற்று எந்த ஊர்க் கொல்லைக்குப் போய் வந்தது என்று காவலர் ஊகிப்பார். சில சாணியில் விதை முளைத்திருக்கும், சிலவற்றில் உருட்டு வண்டுகள் வேலை செய்துகொண்டிருக்கும். அங்கே பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள். இலந்தைக் கொட்டை நிறைந்த எச்சம் கரடியுடையதாக இருக்கலாம். முடி நிறைந்து முறுக்கியது போலக் கிடந்தால் சிறுத்தை.

மேட்டுக் காட்டில் உசிலை, ஆச்சா, வெக்காலி, சந்தனம் நிற்கும். பாறைச் சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னான் கிடைத்தால் அது பெரிய அதிர்ஷ்டம். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. இடையிடையே உன்னிச்செடிப் புதரைக் காட்டுங்கள். அழகாகப் பூத்திருக்கும், ஆனால் புல்லை வளரவிடாமல் அடைத்துக்கொள்ளும் வெளிநாட்டுச் செடி. புல் போனால் மானுக்கும் மாட்டுக்கும் தீனி போகிறது.

ஆற்றை நெருங்கும்போது காடே மாறும். காற்று குளிரும், மருதமும் புளியும் உயர்ந்து இலை மூடும். இங்கே எல்லோரும் மேலே பார்க்க வேண்டும். கிளைகள் ஒன்றையொன்று தொடும் உயரத்தில் இலை, குச்சி சேர்ந்த பெரிய பந்து தெரிந்தால் அது சாம்பல் மலை அணிலின் கூடு. தரைக்கு இறங்கப் பிடிக்காத விலங்கு அது. மரத்துக்கு மரம் தாவியே வாழும். கரையோர மரங்களை வெட்டி இடைவெளி விழுந்தால் அதற்கு வழி அடைபடும். இதே அணிலுக்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் ஒரு சரணாலயம் ஏற்பட்டது. நம் காவிரிக் கரையிலும் அது இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கொஞ்சம் பெருமையாகவே எடுத்துக்கொள்வார்கள். கீழே மணலில் மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சம், கடும் மீன் வாடை, பல கால்தடங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தால் நீர்நாய்களின் இடம். தண்ணீரிலிருந்து பத்தடி தள்ளியே நில்லுங்கள், முதலைப் பாடம் நினைவிருக்கட்டும். எதிர்க்கரை உயர மரத்தில் சாம்பல் தலையோடு ஒரு மீன் கழுகு உட்கார்ந்திருந்தால் பைனாகுலருக்கு அப்போதுதான் உண்மையான வேலை.

யானை, கரடி, பாம்பு

பிள்ளைகளின் பெற்றோர் இதைத்தான் முதலில் கேட்பார்கள், எனவே பதிலைத் தயாராக வைத்திருங்கள். யானைக்கு மோப்பமும் காதும் கூர்மை. காவலர் மண்ணைக் கிள்ளி விட்டுக் காற்றின் திசையைப் பார்ப்பது இதனால்தான். புதிய சாணி, ஈரமான சிறுநீர், அப்போதுதான் ஒடிந்த கிளை தெரிந்தால் வந்த வழியே திரும்ப வேண்டும். எவ்வளவு தூரம் வந்தோம் என்ற கணக்கு பார்க்கக் கூடாது. தூரத்தில் பார்த்தாலும் அமைதியாகப் பின்வாங்குவதுதான். படம் எடுக்க ஒரு நிமிடம் என்று யாராவது ஆரம்பித்தால் அவரை அடுத்த முறை கூட்டி வராதீர்கள்.

கரடி வேறு மாதிரி. அது பெரும்பாலும் திடுக்கிட்டால்தான் தாக்கும். எனவே வளைவிலும் புதர் அடர்ந்த இடத்திலும் காவலர் குச்சியைத் தட்டுவார் அல்லது கனைப்பார். "சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டு அவர் மட்டும் சத்தம் போடுகிறாரே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி, அவரையே பதில் சொல்லச் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் குச்சி வைத்துத் தாங்கி, ஆளை நடக்க விடாமல் தூக்கி, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். 108-ஐ அழைப்பதற்கு சிக்னல் எங்கே கிடைக்கும், பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதை நடைக்கு முந்தின நாளே காவலரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு

ஒன்பதரைக்கு வெளியே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் விலங்கும் ஒதுங்கும், பிள்ளைகளும் சோர்வார்கள். சாப்பாடு காட்டுக்கு வெளியே. சாப்பிட்டு முடித்ததும் அங்கேயே, மரத்தடியிலேயே, குறிப்பேட்டைத் திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்டால் எழுத மாட்டார்கள். மூன்று பத்தி போதும்: கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, அடையாளத்தை வைத்து ஊகித்தது. மூன்றையும் கலக்கக் கூடாது. "சிறுத்தை பார்த்தோம்" என்பதும் "சிறுத்தைத் தடம் பார்த்தோம்" என்பதும் வேறு வேறு. ஒரு விலங்கின் பெயர் எந்தப் பத்தியில் வர வேண்டும் என்று பிள்ளைகள் சண்டை போட்டால் வகுப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பறவைப் பட்டியலை இபேர்டில் ஏற்றுங்கள். முழுக் குறிப்பையும் ஒரு நகலெடுத்து, தேதியும் பாதையும் போட்டு, வனச்சரகர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். தடம் எங்கே, எந்தப் பக்கம் போனது, தண்ணீர்க் குட்டையில் தண்ணீர் இருந்ததா, எங்கே உன்னிச்செடி அடைத்திருந்தது, எங்கே கம்பிச் சுருக்கோ மது பாட்டிலோ கிடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். சுருக்கைப் பார்த்தால் பிள்ளைகள் தொடாமல் காவலரிடம் காட்ட வேண்டும். உங்களோடு வந்த காவலருக்கு நன்றிக் கடிதம் எழுதுவதென்றால் அவர் மேலதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். இந்தக் காகிதங்கள் கையில் இருந்தால் அடுத்த வருடம் அனுமதி கேட்கும்போது முதல் பக்கத்திலேயே இணைத்துக் கொடுக்கலாம்.